ஹெவி மெட்டலுக்கு ஓர் எலக்ட்ரிக் கிட்டார்: கும்பகோணத்தில் தேர்ந்தெடுத்துப் பழகும் அனுபவம்

ஹெவி மெட்டல் வாசிக்க வாங்கும் கிட்டாரில், கம்பியின் அதிர்வை மின்சைகையாக மாற்றும் பிக்கப்பைத்தான் முதலில் முடிவு செய்தேன். மயிலாடுதுறை நண்பர் இரவலாகத் தந்த ஒற்றைச் சுருள் பிக்கப் கொண்ட கிட்டாரில், ஒலியைக் கரடுமுரடாக்கும் டிஸ்டார்ஷன் பெடலை அழுத்தியதும், கம்பியைத் தொடாமலே அறை முழுவதும் இரைச்சல் எழுந்தது. டியூப்லைட்டை அணைத்தால் குறைந்தது. கிட்டாரோடு சற்றுத் திரும்பி உட்கார்ந்தால் மேலும் குறைந்தது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் காந்தப்புலத்தைச் சுருள் வாங்கிக்கொள்ள, அதையும் பெடல் இசையோடு சேர்த்தே பெருக்கிவிடுகிறது. கிப்சன் நிறுவனத்தின் சேத் லவர் 1955இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த ஹம்பக்கர் பிக்கப்பில், எதிரெதிராக அமைந்த இரு சுருள்கள் இந்த இரைச்சலைத் தமக்குள் அழித்துக்கொண்டு, கம்பியின் ஒலியை மட்டும் கூட்டித் தருகின்றன. மெட்டலுக்குப் பிரிட்ஜ் (கம்பிகளின் அடிமுனையைத் தாங்கும் பகுதி) பக்கத்தில் ஹம்பக்கர் இல்லாத கிட்டாரை வாங்கவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

அடுத்தது பிரிட்ஜ். ஃபிளாய்ட் ரோஸ் வகை மிதக்கும் பிரிட்ஜில் ஒரு கம்பியைத் தளர்த்தினால், பின்னுள்ள ஸ்பிரிங்குகள் பிரிட்ஜை இழுத்து, மற்றக் கம்பிகளின் சுருதியை ஏற்றிவிடும். நான் அடிக்கடி ஆறாவது கம்பியை ஈ சுரத்திலிருந்து டி சுரத்துக்கு இறக்குபவன்; ஆகவே நிலையான பிரிட்ஜே எனக்குப் பொருத்தம். கம்பியின் ஒலியை அடக்கும் பாம் மியூட்டுக்காக உள்ளங்கையின் ஓரத்தை அழுத்தி வைத்தாலும் அது அசையாது.

சுருதியை ஒரு முழுச் சுரம் இறக்கும்போது கம்பியின் இழுவிசை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. பிளாக் சபாத் இசைக்குழுவின் கிட்டார் கலைஞர் டோனி ஐயோமி, ஆலை விபத்தில் விரல் நுனிகளை இழந்தபின் கம்பிகளைத் தளர்த்தி வாசித்த காலந்தொட்டு, இந்தத் தாழ்ந்த சுருதி மெட்டலோடு ஒட்டியே வருகிறது. 24.75 அங்குலத்தைவிட 25.5 அங்குல ஸ்கேல் (கம்பியின் அதிரும் நீளம்) அதே கம்பியில், அதே சுருதியில், சுமார் 6 சதவீதம் கூடுதல் இழுவிசை தருவதால், தளர்ந்த கம்பி தொளதொளவென்று ஆடுவது குறைகிறது. நான் நீண்டதையே எடுத்தேன்.

திருச்சிக் கடையில் சோதித்தபோது ஷட்ஜமத்தையும் பஞ்சமத்தையும் மட்டும் சேர்த்து வாசித்தேன். பவர் கார்டு என்பது அதுதானே! டிஸ்டார்ஷனில் அந்த இணை தெளிவாக நின்றது. அந்தர காந்தாரத்தைச் சேர்த்தவுடன் ஒலி கலங்கியது. கலங்கக் கூடாத இணையே கலங்கி ஒலித்த கிட்டாரை அங்கேயே வைத்துவிட்டேன். தஞ்சாவூர் வீணையின் 24 மெட்டுகள் மெழுகில் பதிந்தவை. தேவைப்பட்டால் இளக்கி மாற்றி அமைக்கலாம். கிட்டாரின் மெட்டுகளான ஃபிரெட்டுகளோ மரத்தில் அறையப்பட்டவை. ஆகவே ஒவ்வொரு ஃபிரெட்டிலும் ஒவ்வொரு கம்பியையும் ஒலிக்கச் செய்து, எங்கும் கரகரப்பு இல்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகே பணம் கொடுத்தேன்.

ஐப்பசி அடைமழையில் கிட்டாரின் கழுத்து வளையத்தான் செய்தது. முதல் ஃபிரெட்டையும் கடைசி ஃபிரெட்டையும் அழுத்திப் பிடித்து நடுவில் இடைவெளியைப் பார்த்து, கழுத்தினுள் இருக்கும் உலோகத் தண்டான டிரஸ் ராடைக் கால் சுற்றுக்கு மேல் போகாமல் திருப்பிச் சரிசெய்தேன். வாசித்து முடித்ததும் கம்பிகளைத் துடைத்து, சிலிக்கா ஜெல் பையோடு பெட்டியில் வைக்கிறேன்; டெல்டாவின் ஈரக் காற்றில் இதைத் தவிர்க்க வழியில்லை.

இப்போது தாளக் கருவியான மெட்ரோனோமில் நிமிடத்துக்கு 120 தட்டு வேகத்தில், கீழ்நோக்கி மட்டும் மீட்டும் டவுன்பிக்கிங் சீராக வருகிறது. 140இல் மணிக்கட்டு இறுகுகிறது. ஆறாவது கம்பியை மட்டும் 0.046 அங்குலத் தடிமனிலிருந்து 0.052க்கு மாற்றி, அதை டி-க்கு இறக்கிய டிராப் டி சுருதியில் அதே பயிற்சியைத் தொடரவிருக்கிறேன்.