ஆராதனை முடிந்த அரை மணி நேரம்

திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துச் சபைகள் பலவற்றில், சபையார் எல்லாரும் சேர்ந்து சாப்பிடும் அசனப் பண்டிகையோடு மருத்துவ முகாமும் நடக்கும். பந்தல், பேனர், நாலு டாக்டர். பிரஷர் 160 என்று துண்டுச்சீட்டில் எழுதித் தருவார்கள். சீட்டு வேதாகமத்துக்குள் போய்ப் பக்க அடையாளமாகிவிடும். அடுத்த அளவு அடுத்த அசனத்தில்தான். பிள்ளைகளுக்கான விடுமுறை வேதாகமப் பள்ளியான மே மாத வி.பி.எஸ்.ஸும் அப்படியே: சில நாள் பாட்டும் கைதட்டலும், ஜூனில் பள்ளிக்கூடம் திறந்ததும் அடங்கிவிடும். இரண்டும் நடக்கட்டும். அவற்றுக்கு ஆகும் செலவில் சிறு பங்கு போதும், மாதாமாதம் பிரஷர் பார்க்க ஒரு மேசை போட.

மாதம் ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்ததும் அரை மணி நேரம். சபையில் நர்ஸ் வேலை பார்க்கும் அக்கா ஒருவராவது இருப்பார். டிஜிட்டல் பிரஷர் மெஷின் ஒன்று, கைப்பட்டை இரண்டு அளவில். புஜத்தின் சுற்றளவு 32 செ.மீ.க்கு மேல் இருந்தால் பெரிய பட்டைதான் கட்ட வேண்டும். சின்னதைக் கட்டினால் இல்லாத பிரஷரைக் காட்டும். முதுகு சாய்த்து, பாதம் தரையில் பதிய 5 நிமிடம் உட்கார வைத்து, கையை நெஞ்சு உயரத்தில் வைத்து அளக்க வேண்டும். பேசக் கூடாது. கோயில் வாசலில் இதுதான் கஷ்டம். ஆகவே மேசையைக் காபி கொடுக்கும் இடத்திலிருந்து தள்ளிப் போடுங்கள். காபி குடித்தவர் அரை மணி நேரம் பொறுக்க வேண்டும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை அளந்து, தேதியோடு நோட்டில் ஏற்றுங்கள். வேறு வேறு நாட்களில் 140/90க்கு மேல் வந்தால் டாக்டரிடம் அனுப்புங்கள். 180/110ஐத் தாண்டினால் அன்றைக்கே.

அந்த நோட்டு இரகசியம். ‘இன்னார் அம்மாவுக்குச் சர்க்கரை 300, ஜெபித்துக்கொள்ளுங்கள்’ என்று மைக்கில் அறிவித்துவிட்டால் அடுத்த மாதம் மேசைப் பக்கம் ஆள் வராது.

திருவிருந்து எடுக்கும்வரை வெறும் வயிற்றோடு இருக்கும் பெரியவர்கள் இன்னும் உண்டு. சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ போட்டுக்கொண்டு சாப்பிடாமல் வருகிறவருக்கு முழங்காலில் நிற்கையிலேயே வியர்த்து, கை நடுங்கும். தண்ணீரில் 3 டீஸ்பூன் சர்க்கரை கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்துத் திரும்பப் பாருங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் 108ஐக் கூப்பிடுங்கள்.

சுகமளிக்கும் ஜெபத்துக்குப் பிறகு வலிப்பு மாத்திரையையோ காசநோய் மருந்தையோ நிறுத்துகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் நர்ஸ் அக்கா சொல்வதைவிட சபைப் போதகரான ஐயர் பிரசங்க பீடத்திலிருந்து ஒருவரி சொன்னால் எடுபடும். பவுலின் கூட்டாளி லூக்காவே வைத்தியர்தானே.

பிள்ளைகள் விஷயத்தில் அதிகம் கெடுப்பது பரிசுக்காக வசனம் ஒப்பிக்க வைப்பது. தேர்வு முடிந்த மறுநாள் வசனமும் போய்விடும். 23ஆம் சங்கீதத்தில் 6 வசனம். இரண்டு வாரத்துக்கு ஒன்று என்றால் மூன்று மாதத்தில் முழுச் சங்கீதமும் வந்துவிடும். ஞாயிறு பள்ளியில் சொல்லிக்கொடுத்த வசனத்தையே அந்த இரண்டு வாரமும் குடும்ப ஜெபத்தில் சொல்ல வேண்டும். அதற்கு ஆசிரியர் பெற்றோருக்கு வாட்ஸ்அப்பில் வசன எண்ணை அனுப்பினாலே போதும்.

குடும்ப ஜெபம் நின்றுபோவது பெரும்பாலும் நேரத்தால். இரவு ஒன்பதரைக்கு, தூங்கி விழும் பிள்ளையை உட்கார வைத்து அப்பா ஒரு அதிகாரம் முழுக்க வாசித்தால் யார்தான் தாங்குவார்? இராச்சாப்பாட்டுக்கு முன்னால் 10 நிமிடம். ஒரு பாட்டு, அதிலும் பல்லவியும் ஒரு சரணமும். ஆறேழு வசனத்தைப் பிள்ளையே வாசிக்கட்டும். ஆளுக்கு ஒருவரி ஜெபம். ‘பாட்டி ஏன் செத்துப்போனாங்க?’ என்று கேட்டால் வாயை அடைக்காதீர்கள். ‘எனக்கும் தெரியல, ஐயரிடம் கேட்போம்’ என்பது நல்ல பதில்தான். ஆனால் சொன்னபடி கேட்கவும் வேண்டும்.

ஞாயிறு பள்ளி வகுப்பறையில் எப்போதும் இரண்டு பெரியவர்கள், கதவு திறந்தே இருக்க வேண்டும். எவ்வளவு நம்பிக்கையான அண்ணன் என்றாலும் இதில் விலக்கு கிடையாது.

கிரீம் பன்னுக்குப் பதில் சுண்டல் கொடுங்கள். 40 பிள்ளைகளுக்கு ஒன்றரை கிலோ கொண்டைக்கடலை. சனி இரவு ஊறப்போட்டு ஒருமுறை தண்ணீர் மாற்றாவிட்டால் கோடையில் புளித்துவிடும்.

இன்னொரு வேலை, ஐந்து நிமிடம்தான். பிரஷர் நோட்டையும் ஞாயிறு பள்ளி வருகைப் பதிவேட்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு பிள்ளை தொடர்ந்து இரண்டு வாரம் வராவிட்டால் ஆசிரியர் போன் போட வேண்டும். ‘அம்மாவுக்கு முடியலைங்க, நான்தான் தம்பியப் பாத்துக்கிறேன்’ என்று பிள்ளை சொன்னால், அந்த வாரமே நர்ஸ் அக்காவும் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் ஒருவரும், முடிந்தால் ஒரு தூக்கில் சாப்பாட்டோடு, அந்த வீட்டுக்குப் போகட்டும்.