டிஸ்க் தாமதத்தைக் கன்சோலிலிருந்தே விசாரிப்பது

மெயின்ஃபிரேமில் இரவில் தொகுப்பாக ஓடும் வேலைகளான பேட்சில் ஒரு ஜாப் வழக்கத்தை மீறி இழுத்துக்கொண்டே போனால், உடனே ஸ்டோரேஜ் குழுவை எழுப்புவது பல இடங்களில் பழக்கமாகிவிட்டது. தங்கள் திரையில் குறை எதுவும் தெரியவில்லை என்று அவர்கள் சொல்வார்கள். அது உண்மையாகவும் இருக்கும். டிஸ்க் பெட்டி தன்னை வந்தடைந்த வேண்டுகோள்களை மட்டுமே அறியும். வந்தடையாமல் ஹோஸ்ட் பக்கமே, அதாவது மெயின்ஃபிரேமிலேயே, தேங்கி நிற்பவற்றை அதன் இயங்குதளமான இசட் ஓஎஸ்தான் அறியும். எனவே முதல் கேள்வியை ஹோஸ்டிடம் கேட்பதே முறை என்று உறுதியாக நம்புகிறேன்.

இசட் ஓஎஸ்ஸின் செயல்திறனை அளக்கும் ஆர்எம்எஃப்பின் அறிக்கை டிவைஸின் ரெஸ்பான்ஸ் டைமை நான்காகப் பிரிக்கிறது: டிவைஸைக் குறிக்க இயங்குதளம் வைத்திருக்கும் பதிவான யூசிபி வேறொரு வேலையில் இருப்பதால் இயங்குதளத்துக்குள்ளேயே காத்திருப்பது ஐஓஎஸ்க்யூ, கணினியை டிஸ்க் பெட்டியோடு இணைக்கும் சேனல்களை நடத்தும் சேனல் சப்சிஸ்டம் ஏற்றுக்கொண்ட பின்னும் டிவைஸில் வேலை தொடங்காமல் நிற்பது பெண்டிங், பெட்டியின் வேக நினைவகமான கேஷில் தரவு இல்லாமலோ தொலைதூர நகலுக்காகவோ பெட்டி எடுத்துக்கொள்வது டிஸ்கனெக்ட், தரவு உண்மையில் பாய்வது கனெக்ட். இவற்றில் எது வீங்கியிருக்கிறது என்று தெரிந்துவிட்டால், அடுத்து எந்தக் கமாண்ட் என்பதும் தெரிந்துவிடும்.

டிவைஸ் எண் 8100 என்று கொள்வோம். டி யூ,,,8100,1 என்று கேட்டால் அதிலுள்ள டிஸ்க் வால்யூமின் பெயரும் நிலையும் வரும். அதற்கு மேல் அதில் எதிர்பார்க்க ஒன்றுமில்லை. நான் அதிகம் நம்புவது டி எம்=டெவ்(8100). அதன் விடையில் ஒவ்வொரு சேனலுக்கும் நேராக மூன்று வரிகள் உண்டு: பாத் ஆன்லைனா, சேனல் பௌதிகமாக ஆன்லைனா, பாத் இயங்குகிறதா. முதல் இரண்டிலும் ஒய் (Y, ஆம்) என்றிருந்து மூன்றாவதில் மட்டும் என் (N, இல்லை) என்றிருந்தால், இயங்குதளம் அந்தப் பாதையை விலக்கி வைக்கவில்லை, சேனலும் உயிரோடுதான் இருக்கிறது, ஆனால் அதற்கு அப்பால் ஸ்விட்சிலோ கேபிளிலோ பெட்டியின் போர்ட்டிலோ தொடர்பு அறுந்திருக்கிறது என்று பொருள். நான்கு பாதைகளில் ஒன்று இப்படி விழுந்தாலும் ஜாப் நிற்காது, மீதி மூன்றின் மேல் சுமை ஏறும். அதனால்தான் பல நாள் யார் கண்ணிலும் படாமல் போகிறது. ஒரே வால்யூமுக்கு ஒரே நேரத்தில் பல வேண்டுகோள்களை அனுப்ப உதவும் ஹைப்பர்பேவ் இருந்தால், அதற்கான கூடுதல் முகவரிகளான அலையாஸ்கள் எத்தனை அமைக்கப்பட்டுள்ளன என்பதும் இதே விடையின் அடியில் வரும். ஐஓஎஸ்க்யூ உயரும்போது அந்த எண்ணைப் பார்க்க வேண்டும்.

பாதைகள் எல்லாம் சரியாக இருந்தும் பெண்டிங் மட்டும் உயர்ந்தால், என் ஐயம் ரிசர்வ் பக்கம், அதாவது ஒரு சிஸ்டம் வால்யூமைத் தனக்கென்று பூட்டிக்கொள்வதன் பக்கம், திரும்பும். ஒரே வால்யூமைப் பல எல்பார்கள் (ஒரே மெயின்ஃபிரேமைப் பிரித்து, தனித்தனி சிஸ்டமாக இயக்கும் பகுதிகள்) பகிரும் இடங்களில், ஒன்று ரிசர்வ் போட்டுப் பிடித்துக்கொண்டால் மற்றவை காத்திருக்க வேண்டியதுதான். காத்திருப்பு, பதில் வராத வேண்டுகோள்களைக் கண்டுபிடிக்கும் எம்ஐஹெச்சின் நேர வரம்பைத் தாண்டினால், ஸ்டார்ட் பெண்டிங் என்று ஐஓஎஸ்071ஐ செய்தி கன்சோலில் விழும். டிஸ்குகளுக்கு அந்த வரம்பு, மாற்றாமல் விட்டால், 15 விநாடி. அச்செய்தி வந்தவுடன் அந்த வால்யூமைப் பகிரும் ஒவ்வொரு சிஸ்டத்திலும் டி ஜிஆர்எஸ்,டெவ்=8100 என்று கேட்க வேண்டும். செய்தி வந்த சிஸ்டத்தில் மட்டும் கேட்டுவிட்டு நிறுத்துவது போதாது. அங்கே இருப்பது காத்திருப்பவர் மட்டுமே, பிடித்து வைத்திருக்கும் ஜாபின் பெயர் பெரும்பாலும் பக்கத்து எல்பாரில்தான் கிடைக்கும்.