ஓடிப்போகிறவளுக்கு எத்தனை உடுப்பு?

இந்தியப் பெருங்கடலில் பிரான்சுக்குச் சொந்தமான ரீயூனியன் தீவில், சேன்-ஆந்த்ரே பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் பதினோரு வருடம் செவிலியர் உதவியாளராக வேலை பார்த்தேன். குளிப்பாட்டுவது, உடை மாற்றுவது, ஊட்டிவிடுவது, படுக்கை விரிப்பது. நேரம் மிச்சமிருந்தால் பேச்சு. பெரும்பாலும் மிச்சமிருக்காது.

2019 நவம்பரில், பிரான்சிலிருந்து புதிதாக வந்திருந்த பொழுதுபோக்குப் பொறுப்பாளர் பெண் 'காசாபிளாங்கா' படம் போடலாம் என்றாள். காரணமும் கையில் வைத்திருந்தாள். அந்தப் படம் நியூயார்க்கில் முதன்முதலாகத் திரைக்கு வந்தது 1942 நவம்பர் 26. இரண்டே நாள் கழித்து, 28ஆம் தேதி, 'லெயோபார்' என்ற போர்க்கப்பல் எங்கள் தலைநகர் சேன்-தெனிக்கு வந்தது. ஜெர்மனிக்குப் பணிந்துபோன விஷி அரசின் பிடியிலிருந்து இந்தத் தீவு கைமாறி, ஜெர்மனியை எதிர்த்து நின்ற தெ கோல் பக்கம் போனது அந்தக் கப்பலால்தான். படத்தின் கதையும் விஷி ஆட்சியில் இருந்த மொரோக்கோவில் நடப்பது. "பாட்டுக் காட்சியில் எல்லாரும் அழப்போகிறார்கள், பாருங்கள்" என்றாள்.

படத்தில் ரிக் என்ற அமெரிக்கன் காசாபிளாங்காவில் மதுக்கடை நடத்துகிறான். ஜெர்மானியருக்குத் தப்பி அமெரிக்கா போக வழி தேடும் அகதிகள் அங்கே வந்து கூடுகிறார்கள். பாரீஸில் அவனைக் காதலித்துவிட்டுச் சொல்லாமல் கொள்ளாமல் போன இல்ஸா (நடித்தவர் இங்க்ரிட் பெர்க்மன்), ஒரு ராத்திரி கணவனோடு வந்து நிற்கிறாள். கணவன் நாஜிகள் தேடும் ஆள். ரிக் கையிலோ இரண்டு பேர் ஊரைவிட்டுப் போகிற அனுமதிக் கடிதங்கள். யார் போவது என்பதுதான் கதை.

டிவிடியைப் போட்டது நான். படம் ஆங்கிலத்தில் ஓட, கீழே பிரெஞ்சு எழுத்து எறும்பு ஊர்கிற மாதிரி ஊர்ந்தது. எண்பது வயதுக் கண்ணுக்கு அது எங்கே தெரியும்? ரிமோட்டைத் தேடிப் பிரெஞ்சுக் குரலுக்கு மாற்றுவதற்குள் மூன்று பேர் தூங்கிவிட்டார்கள்.

பாட்டுக் காட்சி வந்தது. ஜெர்மன் அதிகாரிகள் பாடிக்கொண்டிருக்க, இல்ஸாவின் கணவன் வாத்தியக்காரர்களை பிரெஞ்சு தேசிய கீதமான மார்செய்யேஸை வாசிக்கச் சொல்கிறான். கடையே எழுந்து பாடுகிறது. அழுதுகொண்டே பாடும் இவோன் வேடத்தில் நடித்த மாதலேன் லெபோ, நிஜமாகவே பாரீஸிலிருந்து லிஸ்பன் வழியாகத் தப்பி ஓடிவந்தவர். எங்கள் கூடத்தில் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் மட்டும் உதட்டை அசைத்தார். பக்கத்தில் இருந்த பழைய சுங்க அதிகாரி, "இதே வாயால்தான் பள்ளிக்கூடத்தில் விஷித் தலைவர் பெத்தேனைப் புகழ்கிற பாட்டும் பாடினோம்" என்றார். அழுதது பொழுதுபோக்குப் பெண் ஒருத்திதான்.

அந்த சுங்கக்காரர் கடைசியில் ஒரு இடத்தில் வாய்விட்டுச் சிரித்தார். அதுவரை காற்றடிக்கிற பக்கம் சாய்ந்துகொண்டிருந்த போலீஸ் கேப்டன் ரெனோ, ஒரு தண்ணீர்ப் பாட்டிலைக் குப்பைத் தொட்டியில் போட்டு எட்டி உதைக்கிறான். எனக்கு எதுவும் புரியவில்லை. விஷி என்பது ஊற்றுத் தண்ணீருக்குப் பேர்போன ஊர், பாட்டிலில் அந்தப் பெயர் இருந்தது என்று அவர்தான் விளக்கினார். "இவனை எனக்குத் தெரியும். கப்பல் வந்த மறுநாள் எங்கள் தெருவில் இவனைப் போலப் பத்துப் பேர்" என்றார்.

ராத்திரிச் சாப்பாட்டில் சண்டை. கடைசியில் கணவனோடு போகாமல் இல்ஸா ரிக்கோடு இருந்திருக்க வேண்டும் என்றார் டீச்சர். புருஷன் உயிரோடு இருக்கும்போது இதில் என்ன கேள்வி என்றார் என் மேசை ஆயா. (எங்கள் புதுச்சேரிப் பக்கம் பாட்டியை ஆயா என்போம். இவர் மல்பார் குடும்பம், அதாவது இந்தத் தீவில் குடியேறிய தமிழர் வழி. தமிழில் சாமிப் பாட்டுத் தவிர ஒன்றும் தெரியாது, எங்கள் பேச்சு தீவின் மொழியான கிரியோலில்தான்.) எனக்கு இரண்டு பேர் கட்சியும் இல்லை. படம் முழுக்க நான் பார்த்தது அந்தக் கடிதங்களைத்தான். விசா கோப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வரிசையில் நின்ற காலம் எனக்கும் உண்டு. அப்படி ஒரு கடிதமே நிஜத்தில் கிடையாது, கதைக்காகச் செய்தது என்று அப்புறம் படித்தபோது ஏனோ ஏமாற்றமாக இருந்தது. 1952இல் மேற்கு ஜெர்மனியில் இந்தப் படத்தை நாஜிகளே இல்லாமல் வெட்டி வெளியிட்டிருக்கிறார்கள் என்பதும் அப்போது படித்ததுதான். ஒரு நாடே வேறு படம் பார்த்திருக்கிறது, எங்கள் கூடத்தை என்ன சொல்ல!

ஆயா திடீரென்று கேட்டார்: "ஓடிப்போகிறவளுக்கு எத்தனை உடுப்பு? எல்லாம் வெள்ளை வெளேரென்று. யார் துவைத்தார்கள்?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

1942இல் அவருக்கு ஒன்பது வயது. அப்பா அம்மா இருவரும் கரும்புத் தோட்டத்தில் வேலை. கப்பல் வராததால் அரிசி இல்லை. மக்காச்சோளமும் மரவள்ளியும் சாப்பாடு. துணியும் இல்லை. அம்மா ஒரு சாக்கைத் துவைத்து, தலைக்கும் கைக்கும் ஓட்டை வெட்டி மாட்டிவிட்டாராம். கிரியோலில் அதற்கு 'கோனி' என்று பெயர். எங்கள் கோணிதான், கடல் தாண்டியும் பெயர் மாறவில்லை. வியர்வை பட்டால் கழுத்தில் ரம்பம் போட்ட மாதிரி அறுக்கும் என்று சொல்லிக்கொண்டே, இரண்டு விரலால் கழுத்தைச் சுற்றித் தடவிக் காட்டினார்.

அந்த விரல்களைப் பார்த்ததும்தான் எனக்குச் சுரீர் என்றது. சாப்பிடும்போது கழுத்தில் கட்டுகிற டவல் துண்டை ஆயா தினமும் பிய்த்து எறிவார். எத்தனையோ தரம் கொதிநீர் வெளுப்புக்குப் போய்வந்து சொரசொரவென்று ஆகிவிட்ட துண்டு. 'ஒத்துழைப்பதில்லை, உணவு வேளையில் ஆவேசம்' என்று அவர் கோப்பில் மாதக்கணக்காக எழுதியிருக்கிறது. அதில் நான்கைந்து வரி என் கையெழுத்து. அதே கோப்பில் 'வாழ்க்கை வரலாறு' என்று ஒரு தாளும் உண்டு. பிறந்த ஊர், பிள்ளைகள் எத்தனை, பிடித்த உணவு. கோணியை எழுத அதில் கட்டம் கிடையாது.

மறுநாள் வீட்டிலிருந்து என் பழைய, மெல்லிய வாயில் புடவை ஒன்றை நாலாகக் கிழித்துக் கொண்டுபோனேன். வெளியிலிருந்து துணி கொண்டுவரக்கூடாது என்பது விதி. சரி, பார்த்துக்கொள்ளலாம் என்று கட்டிவிட்டேன். ஆயா நுனியைக் கசக்கிப் பார்த்தார். அப்புறம் சூப்பைக் குடித்தார். துண்டு கழுத்திலேயே இருந்தது.

கோப்பில் ஒவ்வாமைப் பகுதியில், பென்சிலினுக்குக் கீழே, 'முரட்டுத் துணி' என்று எழுதினேன். இரவுப் பணிக்கு வந்த நர்ஸ் அதைப் படித்துவிட்டு, "தோல் டாக்டர் பார்த்தாரா?" என்று கேட்டாள்.

"இல்லை, இங்க்ரிட் பெர்க்மன்" என்றேன்.