லிப்ஜிகிரிப்டை முதலில் எழுப்பியது யார்?

மார்ச் 4, செவ்வாய்
செட்யுஐடி பிட் (யார் ஓட்டினாலும் கோப்பின் உரிமையாளருடைய உரிமையைத் தரும் குறி) போட்ட சின்ன உதவி நிரல். ரூட் (முழு நிர்வாகி) உரிமையோடு தொடங்கி, ஒரு பிளக்இன் (துணை நிரல்) ஏறியதும் அனுமதியில்லை என்று விழுகிறது. கணினியின் பதிவான சிஸ்லாக்கில், குறியாக்க நூலகமான லிப்ஜிகிரிப்டின் எச்சரிக்கை எதுவும் இல்லை. அதை இனிஷியலைஸ் (தொடக்க அமைப்பு) செய்யாமலே கூப்பிட்டிருந்தால், நிரலைத் திருத்தச் சொல்லி ஒரு வரி விழுந்திருக்கும். ஆக, யாரோ செய்திருக்கிறார்கள்.

மார்ச் 5, புதன்
சூடோ (ரூட்டாக ஓட்டும் கட்டளை) போட்டு ஜிடிபியில் (பிழை தேடும் கருவி) ஓட்டினால் பிழை மறைந்துவிடுகிறது. சாவிகளுக்கான பாதுகாப்பு நினைவகத்தை டிஸ்க்குக்குப் போகாமல் பூட்டியதும் லிப்ஜிகிரிப்ட் ரூட் உரிமையை உதறும். ஆனால் உண்மை யுஐடி (நிரலை ஓட்டியவரின் பயனர் எண்) ரூட்டாக இல்லாமல், செயல் யுஐடி (உரிமையைத் தீர்மானிக்கும் எண்) மட்டும் 0 ஆக, அதாவது ரூட்டாக, இருந்தால்தான். சூடோவில் இரண்டுமே 0. சாதாரணப் பயனராக ஜிடிபியில் ஓட்டினாலோ கெர்னல் (இயக்கமுறைமையின் மையம்) செட்யுஐடி பிட்டையே மதிக்காது.

நிரலின் கெர்னல் அழைப்புகளைக் காட்டும் எஸ்டிரேஸ்தான் கைகொடுக்கும். ரூட்டாக இருந்து, மைனஸ் யு கொடியில் பயனர் பெயரைக் கொடுத்து, எம்லாக் (நினைவகத்தைப் பூட்டுவது), செட்யுஐடி (யுஐடியை மாற்றுவது) என்ற இரண்டு அழைப்புகளை மட்டும் வடிகட்டினால்:

எம்லாக், 16384 பைட்: வெற்றி
செட்யுஐடி 1000 (சாதாரணப் பயனர்): வெற்றி
செட்யுஐடி 0: ஈபெர்ம் (அனுமதியில்லை)

கடைசி வரியைப் பார்த்துப் பதற வேண்டாம். உரிமை நிஜமாகவே போய்விட்டதா என்று நூலகம் தானே செய்துகொள்ளும் சோதனை அது. மைனஸ் கே கொடியும் சேர்த்தால் அழைப்பு அடுக்கு (எது எதைக் கூப்பிட்டது என்ற வரிசை) வரும்; அதில் நிற்பது பிளக்இன்.

பழைய வியாதிதான். பயனர் விவரங்களை எல்டாப் என்ற அடைவுச் சேவையில் டிஎல்எஸ் குறியாக்கம் வழியே தேடிய காலத்தில் சூடோவும், பயனரை மாற்றும் எஸ்யுவும் இப்படியே ரூட்டை இழந்தன. இத்தகைய தேடலுக்கான தனிச் சேவையான என்எஸ்சிடியை ஓடவிட்டுத் தப்பித்தார்கள்: தேடல் வேறு புராசஸுக்குப் போய்விடும்.

மார்ச் 6, வியாழன்
தொடக்கக் கட்டளைகளின் வரிசையைப் பார்க்க, ஓடும் நிரலோடு ரூட்டாக ஜிடிபியை இணைத்து, லிப்ஜிகிரிப்ட் கட்டளைகளை வாங்கும் ஜிக்ரை கண்ட்ரோலில் பிரேக்பாயிண்ட் (நிறுத்தப் புள்ளி). 64 பிட் இன்டெலில் கட்டளை எண் இருக்கும் ஆர்டிஐ பதிவேடு போதும்: 24 பாதுகாப்பு நினைவகம் தொடக்கம், 37 அதை முடக்கு, 38 தொடக்கம் முடிந்தது.

பிளக்இன்னில் 24ஐ 37 ஆக்கினால் உரிமை தங்கும். ஆனால் அது மோசமான திருத்தம். பிறகு முதன்மை நிரல் 24 அழைத்தாலும் முடக்கக் கொடி நீங்காது. நினைவகம் பூட்டப்பட்டதாகவே தெரியும், சாவிகளோ சாதாரண நினைவகத்தில் கிடக்கும். பாதுகாப்பு நினைவகம்தானா என்று சொல்லும் ஜிக்ரை ஈஸ் செக்யூர் 0 தந்தால் இதுதான் நிலை.

மார்ச் 7, வெள்ளி
தொடக்கம் முழுக்க முதன்மை நிரலுக்கு மாறியது, பிளக்இன் ஏறுவதற்கு முன்பே: பதிப்புச் சோதனை, உரிமை உதறலை நிறுத்தும் கட்டளை, 16384 பைட்டோடு 24, பிறகு 38. பிளக்இன் முதலில் 39 (தொடக்கம் முடிந்ததா) கேட்கிறது, முடிந்திருந்தால் எதையும் தொடாது. திருத்தாத பழைய பிளக்இன் ஏறினால், நினைவகம் ஏற்கெனவே தொடங்கிவிட்டது என்று ஊப்ஸ் போட்ட வரி ஒன்று பதிவில் வருகிறது. செட்யுஐடி அழைப்பு வருவதில்லை.