குசாட்சு வெந்நீர்க் குறிப்புகள்

நவம்பர் 12, 2024, செவ்வாய்

டோக்கியோ உயேனோவிலிருந்து நகனோஹரா-குசாட்சுகுச்சி வரை ரயிலில் சுமார் இரண்டரை மணி நேரம். அங்கிருந்து பஸ், அரை மணிக்குள் குசாட்சு என்ற வெந்நீர் ஊற்று ஊர். ஏறத்தாழ 1,200 மீட்டர் உயரம்; இப்போதே ஸ்வெட்டர் வேண்டும்.

ஊர் நடுவில் யுபடாகே, அதாவது வெந்நீர் வயல். 50 டிகிரிக்கு மேல் பொங்கும் ஊற்று நீர் 7 மர வாய்க்கால்களில் ஓடி ஆறுகிறது. அடியில் படியும் கந்தகத்தைச் சுரண்டிக் குளியல் பொடியாக விற்கிறார்கள். பச்சைத் தண்ணீர் விளாவினால் நொடியில் ஆறிவிடும். ஆனால் சத்து நீர்த்துப்போகும் என்பதால் அந்த நாளிலேயே விளாவாமல், ஆளுயரப் பலகைகளால் துழாவி ஆற்றினார்கள். யுமோமி என்று பெயர். இன்று அது பாட்டோடு நடக்கும் காட்சி.

நவம்பர் 13, புதன்

முதல்முறை வருகிறவருக்குத் துணியில்லாமல் குளிக்க வேண்டுமே என்பதுதான் பெரிய கவலை. அது இரண்டு நிமிடத்தில் போய்விடும். கவனிக்க வேண்டியது சூட்டை.

வாசல் திரையில் 男 என்றால் ஆண்கள், 女 என்றால் பெண்கள். திரையின் நிறத்தை நம்பக் கூடாது. சில விடுதிகளில் நேரத்துக்கு நேரம் பக்கம் மாற்றுவார்கள். உள்ளே முக்காலியில் உட்கார்ந்து சோப்பு போட்டுக் குளித்த பிறகே தொட்டி. தலையில் எண்ணெய் இருந்தால் ஷாம்பு கட்டாயம். சின்னப் பொதுக் குளியலறைகள் சிலவற்றில் குழாயும் இல்லை, சோப்பும் இல்லை. அங்கே தொட்டி நீரை மொண்டு ஊற்றிக்கொள்வதுதான். பாதத்தில் தொடங்கி முழங்கால், இடுப்பு, தோள் என்று பத்துச் சொம்பாவது. இந்த காகெயுவைத் தவிர்த்துவிட்டு நேரே இறங்குகிறவர்தான் எழும்போது கண் இருண்டு தள்ளாடுகிறார்.

பழைய முறைக் குளியலில் ஒரு முறைக்கு 3 நிமிடம்தான். 42 டிகிரிக்கு மேல் பழக்கமில்லாதவருக்கு அதுவே அதிகம். ஓதகினோயு என்ற பொதுக் குளியல் கூடத்தில் மிதமானதிலிருந்து 46 டிகிரி வரை படிப்படியாகச் சூடேறும் தொட்டிகள் உண்டு, கீழ்ப்படியில் தொடங்கலாம். துண்டு தலைமேல் இருக்கட்டும், தண்ணீரில் படக் கூடாது. முதல் நாள் இரண்டு தடவை போதும்.

நவம்பர் 14, வியாழன்

இந்த நீரின் பிஹெச் சுமார் 2. எலுமிச்சைச் சாறு அளவுக்குப் புளிப்பு. அன்று சவரம் செய்த இடம், கீறல், நகக்கண், எல்லாம் எரியும். முகம் கழுவவே வேண்டாம்; கண்ணில் பட்டால் உடனே நல்ல தண்ணீரில் அலச வேண்டும். மெல்லிய தோல்காரர்கள் வெளியே வருமுன் குழாய்த் தண்ணீர் ஊற்றிக்கொள்வது நல்லது.

வெள்ளி நகை இங்கே உதவாது. கொலுசு, மெட்டி, அரைஞாண் எல்லாம் கந்தகம் பட்டுக் கறுத்துவிடும். கழற்ற மனமில்லாத மெட்டியை விடுதியிலேயே யோசித்துக்கொள்ளுங்கள், லாக்கர் முன்னால் நின்று அல்ல.

நவம்பர் 15, வெள்ளி

குளித்த நீரும் வழிந்த நீரும் போய்ச் சேருவது யுகாவா ஆறு. இந்தப் புளிப்பால் ஒரு காலத்தில் அதில் மீன் கிடையாது. பாலத்துக் கான்கிரீட்டும் அரித்துப்போகும். புளிப்பை முறிக்க 1964 முதல் சுண்ணாம்புக்கல் மாவைத் தண்ணீரில் கரைத்து, இரவு பகல் பாராமல் ஆற்றில் விடுகிறார்கள். குழாயிலிருந்து பால்போல விழுந்து, கொஞ்ச தூரம் வரை ஆறே வெளுத்து ஓடுகிறது.