சோதனை அச்சுகள்

ஓவிய ஆசிரியராகச் சேர்ந்த புதிதில், தொழிலாகவே கலையில் இருக்கும் ஒருவரை என் மாணவர்களுக்குக் காட்டிவிட வேண்டும் என்று எனக்குப் பெரிய ஆசை. உருவப்படம் வரைவதில் தேர்ந்த ஒருவரை அழைத்து வந்தேன். 200 மாணவர்கள் கூடத்தில் தரையில் உட்கார்ந்திருக்க, 45 நிமிடத்தில் ஒரு முதியவரின் முகத்தை எங்கள் கண்முன் கொண்டுவந்து நிறுத்தினார். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. அடுத்த வாரம் என் வகுப்பில் பாதிப் பேர் அதே முதியவரை வரைந்து வைத்திருந்தார்கள். மீதிப் பேர், “எனக்கெல்லாம் அது வராது சார்” என்று பென்சிலைக் கீழே வைத்துவிட்டார்கள்.

அந்தக் கலைஞர் மீது எந்தத் தவறும் இல்லை. முடிந்த படத்தை மட்டுமே காட்ட முடிகிற ஒரு மேடையை அமைத்துக் கொடுத்தவன் நான். அவர் தயங்குவதற்கோ, கோட்டை அழித்துவிட்டு மறுபடி யோசிப்பதற்கோ அங்கே இடமே இல்லை.

பள்ளியில் நடக்கும் கலை வேறு, வெளியே கலைஞர்கள் செய்யும் கலை வேறு என்பது புதிய கவலை அல்ல. அமெரிக்கக் கலைக்கல்வி ஆய்வாளர் ஆர்தர் எஃப்லண்ட் 1976-இல் எழுதிய ஒரு கட்டுரையில், பள்ளிக்கூடங்களில் மட்டுமே காணக் கிடைக்கும் இந்த வகைக்குப் ‘பள்ளிக் கலைப் பாணி’ என்றே பெயர் வைத்தார். குழந்தையின் தேவையைவிடப் பள்ளியின் தேவையே அதில் நிறைவேறுகிறது என்பது அவர் வாதம். அதைப் படித்தபோது, விழா நாளுக்காக என் வகுப்பில் நானே வெட்டி ஒட்டவைத்த வண்ணக் காகிதங்கள் எல்லாம் நினைவுக்கு வந்தன. கஷ்டமாக இருந்தது.

சில வருடங்கள் கழித்து ஓர் அச்சுக் கலைஞரிடம் பேசினேன். லினோலியம் பலகையில் உருவத்தை வெட்டி, மை தடவிக் காகிதத்தில் அச்செடுக்கும் லினோகட் செய்பவர். இந்த முறை ஒரு நாள் நிகழ்ச்சி வேண்டாம், ஆறு வாரம், வாரத்துக்கு இரண்டு பீரியட் வாருங்கள் என்று கேட்டேன். அவருடைய நேரத்துக்கு உரிய தொகையைப் பள்ளி தர வேண்டும் என்பதிலும் பிடிவாதமாக இருந்தேன். ‘குழந்தைகளுக்குத்தானே’ என்று கலைஞர்களை இலவசமாக வரவழைக்கும் பழக்கம் எனக்குப் பிடிக்காது. இது பிழைப்புக்கான ஒரு தொழில் என்பதைக் குழந்தைகளுக்குச் சொல்லிவிட்டு, அந்தத் தொழிலுக்குக் கூலி தராமல் இருப்பது எப்படிச் சரியாகும்?

முதல் நாள் அவர் முடிந்த படம் எதையும் எடுத்து வரவில்லை. ஒரு பழைய கோப்பில் தான் ஒதுக்கிய சோதனை அச்சுகளைக் கட்டாகக் கொண்டுவந்து மேசையில் பரப்பினார். மை திட்டுத் திட்டாக இருந்தவை, காகிதம் நகர்ந்து நிழல் விழுந்தவை, எழுத்து தலைகீழாக வந்தவை. ஒரு பையன் மெதுவாகக் கேட்டான்: “அக்கா, இதெல்லாம் தப்பா வந்ததா?”

“இது மூணாவது தடவை போட்டது. ஏழாவதைத்தான் வித்தேன். இப்பப் பாத்தா எனக்கு மூணாவதுதான் பிடிக்குது.”

வகுப்பு அப்படியே அமைதியாகிவிட்டது. பெரியவர் ஒருவர் தன் வேலையைப் பற்றி மனம் மாறுவதை அவர்கள் அதுவரை பார்த்ததில்லை போலும்.

அப்புறம் வந்த வாரங்களில் நானும் மாணவனாகவே உட்கார்ந்தேன். லினோலியம் குளிர்ந்திருந்தால் விறைத்துக்கொள்ளும், லேசாகச் சூடாக்கினால் உளி வழுக்கிக்கொண்டு போகும் என்று காட்டினார். பலகையில் வெட்டுவது காகிதத்தில் இடவலம் மாறித்தான் விழும் என்பதை, சொல்லிக் கேட்பதைவிட ஒருமுறை தன் பெயரை வெட்டிப் பார்த்தே பிள்ளைகள் தெரிந்துகொண்டார்கள். ரோலரில் மை சரியாகப் பரவியிருக்கிறதா என்பதை அவர் காதால் கேட்டுச் சொல்வார். மை அதிகமானால் சலசலவென்று ஈரமாகச் சத்தம் வரும், அளவாக இருந்தால் மெல்லிய சீறல் மட்டும்தான். இருபது பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு ரோலரைக் கேட்டுக்கொண்டிருந்த அந்த மதியத்தை என்னால் மறக்க முடியாது. அச்சின் அடியில் பென்சிலால் 3/20 என்று எழுதுவது ஏன், இருபது பிரதிகளில் இது மூன்றாவது என்று விளக்கியபோது, ஒரு சிறுமி “அப்ப இதைச் சுருக்க முடியாது” என்றாள். கணக்கு வகுப்பு அவளோடு கூடவே வந்திருந்தது.

வகுப்பறை பற்றி அவருக்குத் தெரியாதவையும் இருந்தன. முதல் நாளே எல்லோர் கையிலும் உளியைக் கொடுக்கப் பார்த்தார். எட்டுப் பேர் வெட்ட, மற்றவர்கள் வரையட்டும் என்று நான் பிரித்தேன். பலகையைப் பிடிக்கும் கை எப்போதும் உளிக்குப் பின்னால்தான் இருக்க வேண்டும் என்பதை ஒவ்வொருவராகச் செய்து காட்டச் சொன்னோம். இதெல்லாம் என் வேலை, எனக்குத் தெரிந்த வேலை. கலைஞர் வந்துவிட்டால் ஆசிரியர் ஒதுங்கிக்கொள்ளலாம் என்று நினைப்பது இருவருக்குமே நல்லதில்லை.

நான்காவது வாரம் ஒரே பலகையில் இரண்டு நிறம். முதலில் வெளிர் நிறத்தை எல்லாத் தாள்களிலும் அச்சிட்டுவிட வேண்டும். பிறகு அதே பலகையில் மேலும் வெட்டி, அடர்ந்த நிறத்தை அதன் மேல் ஏற்ற வேண்டும். வெட்டியபின் திரும்பிப் போக வழியில்லை. ஒரு பெண் அவசரத்தில் இரண்டே தாளில் மஞ்சளை அச்சிட்டுவிட்டு, பலகையை வெட்டிவிட்டாள். அந்த இரண்டிலும் நீலம் தள்ளி விழுந்தது. அவள் கண் கலங்கியது. நான் புதுப் பலகை எடுக்க அலமாரிப் பக்கம் நகர்ந்தேன்.

“கொஞ்சம் பொறுங்க சார்,” என்றார் அவர் தணிந்த குரலில்.

பத்து நிமிடம் அந்தப் பெண் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வெறும் வெள்ளைத் தாளை எடுத்து அதன் மேல் நீலத்தை மட்டும் அச்சிட்டாள். தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, “இது ராத்திரி மாதிரி இருக்கு” என்றாள்.

அத்தனை வருடமாக எத்தனை பிள்ளைகளுக்கு நான் அவசரப்பட்டுப் புதுத் தாள் கொடுத்திருப்பேன் என்று அன்று இரவு வெகுநேரம் யோசித்தேன்.

ஆறு வாரம்கூடக் குறைவுதான். இத்தாலியின் ரெஜ்ஜோ எமீலியா நகரின் மழலையர் பள்ளிகளில், கல்வியாளர் லோரிஸ் மலகுட்ஸியின் முயற்சியால், கலைப் பின்னணி உள்ள ஒருவர் ஆசிரியர்களோடு சேர்ந்து அன்றாடம் பணிபுரியும் முறை வேரூன்றியது. அந்த நகராட்சியின் முதல் மழலையர் பள்ளி 1963-இல் தொடங்கியது. அப்படி ஒரு பதவி எங்கள் பள்ளியில் கிடைக்கும் என்று தோன்றவில்லை. கிடைத்ததை வைத்து ஒன்றை மட்டும் மாற்றினேன். மதிப்பெண்ணுக்கு இறுதிப் படம் ஒன்று போதும் என்பது விதி. நான் ஒவ்வொருவருக்கும் ஓர் உறை கொடுத்து, சோதனை அச்சுகளையும் அதில் போட்டுத் தரச் சொன்னேன். கண்காட்சியில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினோம். ‘கெட்டுப்போனதை எதற்கு மாட்டுகிறீர்கள்?’ என்று கேள்வி வந்தது. பிள்ளைகளே பதில் சொன்னார்கள், என்னைவிட நன்றாகவே.

அந்த அச்சுக் கலைஞர் போனபின் என்ன செய்வது என்பதுதான் உண்மையான சிக்கல். 1919-இல் ஜெர்மனியின் வைமரில் தொடங்கிய பௌஹௌஸ் என்ற கலை, வடிவமைப்புப் பள்ளியில் பட்டறைக்கு இரண்டு ஆசான்கள், கலைஞர் ஒருவர், கைவினைஞர் ஒருவர். 1925-இல் பள்ளி டெஸ்ஸாவுக்கு மாறியபோது, அங்கேயே படித்த யோசஃப் ஆல்பர்ஸ் போன்றவர்கள் இரண்டையும் ஒருவராகவே கற்பிக்கும் இடத்துக்கு வந்தார்கள். ஆல்பர்ஸ் அதற்கு முன் தொடக்கப் பள்ளி ஆசிரியராக இருந்தவர். அது எனக்குத் தெம்பு தந்த செய்தி. கல்லூரி முடித்தபின் நான் எனக்கென்று எதுவுமே செய்யவில்லை. ஓர் உளி வாங்கினேன்.

இப்போது மாணவர்கள் வேலை செய்யும்போது சில நாட்கள் நானும் கடைசி மேசையில் வெட்டுகிறேன். போன வாரம் ஒரு பையன் அருகே வந்து நின்றான்.

“ஏன் சார் நிறுத்திட்டீங்க?”

“அடுத்து எங்க வெட்டறதுன்னு தெரியல.”

அவன் குனிந்து பார்த்தான். கொஞ்ச நேரம் கழித்து, இடது மூலையில் விரலை வைத்தான்.