மலைக்குக் கேமரா பை: இடுப்பிலிருந்து தொடங்குங்கள்

கேமரா கடையில் பை பார்க்கும்போது ஜிப்பைத் திறந்து, உள்ளே எத்தனை அறை, எத்தனை லென்ஸ் நிற்கும் என்றுதான் எல்லோரும் எண்ணுவோம். கல்யாண மண்டபத்துக்கு அது போதும். குரங்கணியிலிருந்து டாப் ஸ்டேஷன் ஏறப் போகிறவரும், வெள்ளியங்கிரி ஏழு மலையும் ஏறி விடியலைப் படம் பிடிக்க நினைப்பவரும் அந்த ஜிப்பைத் தொடவே வேண்டாம். பையைத் திருப்பி, முதுகு படும் பக்கத்தைப் பார்த்தால் பாதி முடிவு அங்கேயே ஆகிவிடும்.

தமிழ்நாடு வனத்துறை 2024 அக்டோபரில் முன்பதிவுக்குத் திறந்த 40 மலையேற்றப் பாதைகளை எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்திருக்கிறது. எளிதான பாதைக்கு வீட்டில் இருக்கிற தோள்பையே போதும், காசை வீணாக்க வேண்டாம். இங்கே சொல்வதெல்லாம் ஒரு முழு நாள் ஏறி இறங்குகிற நடைக்கு.

முதலில் தராசை எடுங்கள். சோனி ஏ7 IV கேமரா பேட்டரியோடு 658 கிராம். 24-105 எஃப்4 லென்ஸ் 663 கிராம். 70-200 எஃப்2.8 இரண்டாம் பதிப்பு 1,045 கிராம். இதுவரை சுமார் 2.4 கிலோதான், பரவாயில்லை என்று தோன்றும். மேலே அடுக்குங்கள்: உபரி பேட்டரி, ஃபில்டர் எல்லாம் சேர்த்து 300 கிராம், சின்ன ட்ரைபாட் 1.3 கிலோ, தண்ணீர் 2 லிட்டர் என்றால் 2 கிலோ, சாப்பாடு முக்கால் கிலோ, மழைக்கோட்டு, ஸ்வெட்டர், டார்ச், முதலுதவி எல்லாம் ஒரு கிலோ. 7.7 கிலோ ஆகிவிட்டது, பையின் எடை இன்னும் சேரவில்லை. கேமராவுக்கென்றே செய்த 30 லிட்டர் பைகளில் பல, தடுப்புப் பஞ்சோடு காலியாகவே இரண்டு கிலோவைத் தாண்டும். அதே கொள்ளளவுள்ள மலையேற்றப் பை ஒன்றிலிருந்து ஒன்றேகால் கிலோ வரை. அதற்குள் கேமராவுக்காக வைக்கும் பஞ்சுப் பெட்டி 400 கிராம். மிச்சமாகிற சுமார் அரை கிலோ எடை அரை லிட்டர் தண்ணீருக்குச் சமம். மலையில் அது சின்ன விஷயமில்லை.

ஆனால் எடையை விட முக்கியம், அது உடம்பில் எங்கே இறங்குகிறது என்பது. தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்தால் ஒரு எலும்பின் மேல் உட்காரும் அல்லவா, பையின் பெரும்பங்கு பாரமும் அங்கேதான் உட்கார வேண்டும். தோளின் வேலை, பையைச் சாயாமல் பிடித்துக்கொள்வது மட்டுமே. இதற்கு இரண்டு பொருள் தேவை: பஞ்சு வைத்த அகலமான இடுப்புப் பட்டை, பாரத்தை அந்தப் பட்டைக்குக் கடத்துகிற சட்டம். பல கேமரா பைகளில் முதலாவது இருக்கும், இரண்டாவது இருக்காது. சட்டமில்லாத பையின் இடுப்புப் பட்டை, பை ஆடாமல் கட்டிப்போட மட்டுமே உதவும். சோதிப்பது சுலபம். காலிப் பையின் மேல் ஓரத்தையும் கீழ் ஓரத்தையும் இரண்டு கையால் பிடித்து ஒன்றை நோக்கி ஒன்றை அமுக்குங்கள். தலையணை மாதிரி மடிந்தால் வைத்துவிட்டு வந்துவிடலாம். உள்ளே அலுமினியக் கம்பியோ விறைப்பான தகடோ எதிர்த்து நின்றால் அடுத்த சோதனைக்குப் போகலாம்.

பட்டையின் பஞ்சைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து நசுக்குங்கள். மறுபக்க விரல் துல்லியமாகத் தெரிந்தால் அது மெத்துமெத்தென்று கடையில் சுகமாக இருக்கும், மூன்றாவது மணி நேரத்தில் அப்பளமாகிவிடும். கொஞ்சம் கடினமான பஞ்சுதான் உழைக்கும்.

அடுத்தது முதுகின் நீளம். ஆள் உயரத்தை வைத்துப் பை அளவு முடிவு செய்யக் கூடாது. ஆறடி ஆளுக்கும் முதுகு 45 செ.மீ. இருக்கலாம், மிச்ச உயரம் காலில் இருக்கும். அளக்க இன்னொருவர் வேண்டும், தையல்காரர் டேப் வேண்டும். தலையைக் குனிந்தால் கழுத்தடியில் ஒரு எலும்பு துருத்தும், அது மேல் புள்ளி. இரண்டு கையையும் இடுப்பெலும்பின் உச்சியில், கட்டைவிரல் பின்பக்கம் வரும்படி வையுங்கள். இரண்டு கட்டைவிரலையும் இணைக்கும் கோடு முதுகெலும்பைத் தொடும் இடம் கீழ்ப் புள்ளி. முதுகின் வளைவை ஒட்டியே டேப்பை விட்டு அளக்க வேண்டும். பெரியவர்களில் பெரும்பாலானோருக்கு 40 முதல் 53 செ.மீ. வரை வரும். பை அந்த அளவுக்குச் சிறியதாக இருந்தால் இடுப்புப் பட்டை வயிற்றுக்கு ஏறி, மூச்சை அமுக்கும். பெரியதாக இருந்தால் தோள்வாருக்கும் தோளுக்கும் நடுவே இடைவெளி விழுந்து, பாரம் பின்னால் தொங்கும். கேமரா பைகளில் பெரும்பாலானவை ஒரே அளவில்தான் வருகின்றன. குள்ளமானவர்களும் பெண்களும் அவதிப்படுவது இதனால்தான். தோள்வாரை மேலே கீழே நகர்த்திப் பூட்டுகிற வசதியுள்ள பை கிடைத்தால், அதற்குக் கூடுதலாக ஆயிரம் ரூபாய் கொடுத்தாலும் தகும்.

கடைக்குப் போகும்போது இரண்டு சாமான் கொண்டு போங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் ஏழோ எட்டோ, உங்கள் கேமராவும் லென்ஸும் அடங்குகிற அளவில் வெட்டி ஒட்டிய அட்டைப்பெட்டி ஒன்று. பாட்டில்தான் எடைக்கல். காலிப் பையை மாட்டிக் கண்ணாடி முன் நின்று "நல்லாத்தான் இருக்கு" என்று வாங்குவது, செருப்பைக் கையில் மாட்டிப் பார்ப்பது போல. எல்லா வாரையும் தளர்த்திவிட்டு மாட்டுங்கள். முதலில் இடுப்பு பக்கிளைப் பூட்டி, பட்டையின் நடு உயரம் இடுப்பெலும்பின் உச்சியில் வரும்படி இறுக்குங்கள். பிறகு தோள்வாரைக் கீழே இழுங்கள், தோளைத் தொடும் அளவுக்கு, அமுக்கும் அளவுக்கு அல்ல. அதன் பிறகு தோளுக்கு மேலிருந்து பையின் உச்சிக்குப் போகிற சின்ன வாரை இழுங்கள், அது ஏறக்குறைய 45 பாகை சாய்வில் நின்றால் அளவு சரி. கடைசியாக நெஞ்சுப் பட்டை, காறை எலும்புக்குக் கொஞ்சம் கீழே. இந்த வரிசையை மாற்றித் தோளை முதலில் இறுக்கினால் இடுப்புப் பட்டை தானாக மேலே ஏறிவிடும். பையோடு கடைப் படிக்கட்டில் இருபது நிமிடம் ஏறி இறங்குங்கள். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும். விரல் மரத்துப்போனால் தோள்வார் அக்குளை ஒட்டி ஓடுகிறது என்று பொருள். நெஞ்சுப் பட்டையை இறுக்கியும் அது போகவில்லை என்றால் அந்தப் பை உங்கள் தோளுக்கு ஆகாது.

முதுகு வேர்க்கிற நம் ஊருக்கு வலை முதுகுப் பைதான் நல்லது என்பார்கள். கேமராவுக்கு அதில் ஒரு சிக்கல். வலையை வில் மாதிரி இழுத்துக் கட்டுவதற்காகச் சட்டம் உள்பக்கம் வளைந்திருக்கும். செவ்வகமான பஞ்சுப் பெட்டி அந்த வளைவில் உட்காராது, மூலையில் இடித்துக்கொண்டு நிற்கும். பாரமும் முதுகை விட்டு நாலைந்து செ.மீ. தள்ளிப் போய்விடுகிறது. முதுகிலிருந்து தள்ளத் தள்ள அதே எடை உங்களைப் பின்னால் இழுக்கும் விசை கூடும், அதைச் சரிக்கட்ட நீங்கள் முன்னால் குனிவீர்கள். சாயங்காலம் கழுத்து வலி வருவது அதனால்தான். பஞ்சுப் பட்டைகளுக்கு நடுவே காற்று போக வாய்க்கால் விட்ட தட்டை முதுகு போதும். கொண்டு போன அட்டைப்பெட்டியை இங்கேதான் உள்ளே இறக்கிப் பார்க்க வேண்டும். பை கீழ்நோக்கிக் குறுகினால் வெளியே அளந்த அளவு எதற்கும் உதவாது.

ஆக, கடினமான பாதைக்கு என் கட்சி இது: சட்டமுள்ள 30 லிட்டர் மலையேற்றப் பை, உள்ளே தனியாகப் பஞ்சுப் பெட்டி. விலக்கு இரண்டு உண்டு. 200-600 போன்ற 2 கிலோ எடையும் 32 செ.மீ. நீளமும் உள்ள லென்ஸைத் தூக்குகிறவர்களுக்கும், நிமிடத்துக்கு ஒருமுறை லென்ஸ் மாற்றுகிறவர்களுக்கும் கேமராவுக்கென்றே செய்த மலைப் பை வேண்டும். எஃப்-ஸ்டாப், ஷிமோடா போன்ற நிறுவனங்களின் பைகளில் சட்டம், இடுப்புப் பட்டை, கழற்றி மாற்றுகிற பெட்டி மூன்றும் இருக்கின்றன. விலை கையைக் கடிக்கும்.

கேமரா பை என்று முடிவானால், அது முதுகுப் பக்கம் திறக்க வேண்டும். முன்பக்கம் திறக்கிற பையைத் தரையில் வைத்தால் முதுகு படும் பக்கம் சேற்றில் கிடக்கும், அந்தச் சேற்றைத்தான் திரும்ப முதுகில் மாட்டுவீர்கள். முதுகுப் பக்கம் திறப்பதில் இன்னொரு வசதி, தோள்வாரைக் கழற்றி இடுப்புப் பட்டையோடு பையை முன்னால் சுழற்றி, வயிற்றுக்கு நேரே மேசை மாதிரி வைத்து லென்ஸ் மாற்றலாம். அட்டைப்பூச்சி கடிக்கிற மழைக்காலத்தில் பை தரையைத் தொடாமல் இருப்பது பெரிய நிம்மதி. பக்கவாட்டில் திறக்கிற பை நகரத்துக்கு அருமை. மலையில் ஒவ்வொரு முறையும் இடுப்பு பக்கிளை அவிழ்க்க வேண்டியிருப்பதால், நாலாவது முறை நீங்களே பட்டையைப் பூட்டாமல் விட்டுவிடுவீர்கள். வெல்க்ரோ மூடிகளைத் தவிர்க்கலாம். அதைப் பிரிக்கிற சத்தத்துக்கு வரையாடு நிமிர்ந்து பார்த்துவிட்டால் அன்றைய படம் போச்சு.

பைக்குள் அடுக்குவதிலும் கொஞ்சம் கணக்கு இருக்கிறது. கனமானது முதுகை ஒட்டி, தோள்பட்டை எலும்புகளுக்குக் கொஞ்சம் கீழே வர வேண்டும். அடியில் ஸ்வெட்டரைப் போட்டு, அதன் மேல் பெட்டியை வைத்தால் தானாக அந்த உயரம் வந்துவிடும். உறிஞ்சிக் குடிக்கிற தண்ணீர்ப் பையைக் கேமராவோடு ஒரே அறையில் வைக்காதீர்கள். குழாய் இணைப்பு கசிய ஒரு அழுத்தம் போதும். ட்ரைபாடை ஒரு பக்கப் பையில் செருகினால் மறுபக்கம் ஒரு லிட்டர் பாட்டில், அப்போதுதான் பை ஒருபக்கம் இழுக்காது. ட்ரைபாடின் தலை உங்கள் தலைக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தால், சோலைக் காட்டில் குனிந்து போகும்போது கிளையில் மாட்டிக்கொள்ளும்.

எவ்வளவு நல்ல பையானாலும், கேமரா உள்ளே இருந்தால் எடுக்கத் தோன்றாது. கழுத்தில் தொங்கவிட்டால் கையூன்றி ஏறும்போது பாறையில் மோதும். தோள்வாரில் பூட்டுகிற கிளிப், பீக் டிசைனின் கேப்சர் மாதிரி, இதற்கு நல்ல வழி. வாங்கும் முன் தோள்வாரின் அகலத்தையும் தடிமனையும் பாருங்கள், தடித்த பஞ்சு வாரில் அதன் திருகு எட்டாமல் போகலாம். லென்ஸ் தரையைப் பார்க்கும்படி மாட்ட வேண்டும். கிளிப்பில் மாட்டுவதற்காகக் கேமரா உடம்பில் திருகிய தகடு நடக்க நடக்கத் தளரும், ஒவ்வொரு ஓய்விலும் ஒருமுறை முறுக்கிப் பாருங்கள். விழாமலிருக்க ஒரு மெல்லிய கயிறு கட்டாயம். ஒன்றரைக் கிலோவுக்கு மேல் போனால் கிளிப்பை மறந்துவிடுங்கள், அந்தத் தோள் மட்டும் இறங்கி நடையே கோணிவிடும்.

மழையுறை பையின் முதுகு படும் பக்கத்தை மூடாது. தலையில் விழுகிற தண்ணீர் கழுத்து வழியாக இறங்கி, முதுகுக்கும் பைக்கும் நடுவே ஓடி, துணியில் ஊறி உள்ளே போகும். உறைக்குள்ளேயும் அடியில் தண்ணீர் தேங்கும், வடிய ஒரு ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள். நம்பிக்கையான காவல் உள்ளேதான்: வாயைச் சுருட்டிப் பூட்டுகிற நீர்புகாப் பை, 13 லிட்டர் அளவில், பஞ்சுப் பெட்டி முழுதும் அதற்குள் போகும்படி. பூட்டுமுன் வாயை மூன்று சுற்றாவது சுருட்ட வேண்டும். குளிர்ந்த உச்சியிலிருந்து வெக்கையான அடிவாரத்துக்கு இறங்கும்போதும் அதே பை உதவும். மேலேயே கேமராவை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டால் ஈரம் பையின் வெளிப்பக்கம் படியும், கண்ணாடியில் படியாது. கீழே வந்ததும் ஆசைப்பட்டு உடனே திறக்காதீர்கள், ஒரு மணி நேரம் விடுங்கள்.

வீடு திரும்பியதும் கேமராவை வெளியே எடுத்துவிட வேண்டும். பஞ்சு ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், லென்ஸில் பூஞ்சை பிடிக்க அது தோதான இடம். லென்ஸுக்குக் காற்றுப் புகாத டப்பாவும் சிலிக்கா ஜெல்லும். பையைச் சோப்புத் தண்ணீர் தொட்ட துணியால் துடைத்து, வியர்வை உப்பு வெள்ளையாகப் படிந்த தோள்வாரை மட்டும் தேய்த்துக் கழுவி, நிழலில் தலைகீழாகத் தொங்கவிடுங்கள். வாஷிங் மெஷினில் போட்டால் உள்பூச்சு உரியும். பரணில் மடித்துப் போட்டாலும் சில வருடத்தில் அந்தப் பூச்சு ஈரக்காற்றில் சிதைந்து, பிசுபிசுவென்று ஒட்டி ஒரு நாற்றம் அடிக்கும். அதைச் சரிசெய்வது கஷ்டம். ஜிப்பின் பல்லில் இருக்கும் மண்ணைப் பழைய டூத்பிரஷ்ஷால் தட்டிவிட்டு, மெழுகுவர்த்தியால் இரண்டு தேய்ப்பு. இடுப்பு பக்கிள் ஒன்றை உபரியாக வாங்கிப் பையிலேயே போட்டு வைக்கலாம், பட்டையின் அகலத்தை அளந்துகொண்டு வாங்குங்கள், 25 மி.மீ.யும் 38 மி.மீ.யும் ஒன்றில் ஒன்று சேராது.